எட்டுக்கு இடுப்பு உண்டு

முகத்துக்கு நேரே அவர் எல்லோருக்கும் அண்ணன். முதுகுக்குப் பின்னால் அரைமணி.

குடிநீர் வாரியத்தில் வால்வு திறக்கிற வேலை. ஆளுயர இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு காலை ஐந்தரைக்குக் கிளம்புவார். தெருமுனையில் இரும்பு மூடியைத் தூக்கி, குழிக்குள் சாவியை இறக்கிச் சுற்றுவார். தெருவுக்கு அரைமணி நேரம் தண்ணீர். முப்பதாவது நிமிஷம் மூடிவிடுவார். குடம் பாதி நிறைந்திருக்கிறதா, குளிக்கிறவர் தலையில் சோப்பு இருக்கிறதா என்பதெல்லாம் அவர் இலாகா இல்லை.

கடிகாரம் கட்டுவதில்லை. மனசுக்குள் எண்ணுவார். டீ குடித்துக்கொண்டே எண்ணுவார், சண்டை போட்டுக்கொண்டே எண்ணுவார். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் ஒருநாள் கடிகாரமும் கையுமாக நின்று பார்த்து, நாலு செகண்டு முன்னால் மூடிவிட்டார் என்று வாரியத்துக்கு மனுப் போட்டார். விசாரித்ததில் தபால்காரரின் கடிகாரம் வேகமாக ஓடுவது தெரியவந்தது. தான் பேசும்போதும் அவர் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார் என்பது மனைவியின் முப்பது வருஷ சந்தேகம். அவர் மறுத்ததில்லை.

ஐம்பத்தேழாவது வயதில் வாரியத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. சாலையில் வேலை செய்கிறவர்கள் இரண்டு கண்ணும் சரியாக இருப்பதாக டாக்டர் சான்று தரவேண்டும். ஐந்து மாதத் தவணை. தராதவர்கள் சாவியை ஒப்படைத்துவிட்டுக் கிடங்குக்குப் போகலாம். கிடங்கில் பிளீச்சிங் பவுடர் மூட்டைகளுக்கு நடுவே ஒரு முக்காலி இருந்தது. பக்கத்து முக்காலியில் கிடங்குக்காரர் இருந்தார். அவருக்குத் தன் மூத்த மருமகனைத் தவிர உலகத்தில் வேறு விஷயம் தெரியாது. அண்ணன் ஓய்வுபெற இன்னும் மூன்று வருஷம். மூன்று வருஷம் அந்த மருமகனைக் கேட்பதைவிடக் கண் போனாலும் பரவாயில்லை என்று நினைத்தார். ஆனால் கண் போவதால்தான் அந்த மருமகனே வரப்போகிறான்.

இரண்டு கண்ணிலும் புரை. டாக்டர் இளம் வயதுப் பெண். வலது கண்ணில் புரை கல் மாதிரி இறுகிவிட்டது என்றார். மிஷின் வைத்து உடைத்து உறிஞ்ச முடியாது. வெள்ளை விழியில் அகலமாக வெட்டி, புரையை முழுசாகக் கையாலேயே வெளியே எடுக்கவேண்டும். இடது கண்ணில் இன்னும் மெத்தென்று இருக்கிறது, அதற்கு மிஷின் போதும், எள்ளளவு வெட்டு. முதலில் வலது, அது ஆறியதும் இடது.

வலது கண் முடிந்தது. கட்டு அவிழ்த்ததும் எதிர்ச் சுவரில் பல்லியின் விரல்களை எண்ண முடிந்தது. ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். அதன் பிறகுதான் வேடிக்கை தொடங்கியது.

காற்றுப் பட்டால் வலது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஒரு கண்ணில் மட்டும். குனிந்து சாவியைச் சுற்றும்போது தாரையாக ஊற்றி மூக்கு நுனியில் தொங்கும். துடைக்கக் கை ஒழியாது. முப்பத்துமூன்று வருஷமாக எதற்கும் மசியாத மனிதர் காலை வேளையில் நடுத்தெருவில் அழுதுகொண்டு நிற்பதைத் தெருக்கள் பார்த்தன.

மனைவி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள் என்று ஒரு தெரு சொன்னது. அந்த நேரத்தில் அவள் அதே தெருக் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். செய்த பாவத்தை எல்லாம் நினைத்து இப்போதாவது அழுகிறாரே என்று இன்னொரு தெரு சொன்னது. முனைவீட்டுத் தையல்காரர் ஒன்றும் சொல்லாமல் ஒரு கைக்குட்டை தைத்துக் கொடுத்தார்.

இரண்டாவது வீட்டு அம்மாள் நல்ல சமயம் பார்த்து வந்தாள். மனசு இளகியிருக்கும்போதே கேட்டுவிட வேண்டும் என்று, விருந்தாளி வந்திருக்கிறார்கள், பத்து நிமிஷம் சேர்த்து விடுங்கள் என்றாள். அவர் கேட்டுக்கொண்டே எண்ணினார். முப்பது நிமிஷம் முடிந்ததும் சாவியைச் சுற்றினார். கன்னத்தில் கண்ணீர் வழிய வழிய மூடினார். இப்படி ஒரு கல்நெஞ்சை வாழ்நாளில் பார்த்ததில்லை என்று அவள் எதிர்வீட்டில் போய்ச் சொன்னாள். அழாமல் மூடியிருந்தால்கூட மன்னித்திருப்பாளாம்.

ஆறாவது வாரம் ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லியிருந்தார்கள். இடது கண்ணுக்குத் தேதி வாங்கிவிடலாம் என்று போனார். டாக்டரிடம் போகுமுன் கண்ணீர் அளக்கவேண்டும் என்று ஒரு சின்ன அறைக்குள் அனுப்பினார்கள். அங்கே மின்விசிறி ஓடவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. காற்று கண்ணைக் காயவைத்துவிடும் என்பதால் அந்த அறையில் வருஷம் முழுவதும் புழுக்கம்தான். மேஜையில் ஒரு தடித்த நோட்டு. ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் கோடு. கோட்டுக்கு இடப்புறம் 'கை', வலப்புறம் 'மிஷின்'. மேஜைக்குப் பின்னால் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி. ஆஸ்பத்திரியில் அவளை அளவுக்காரம்மா என்றார்கள்.

கண் மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டாள். மெல்லிய காகிதப் பட்டை ஒன்றை எடுத்து நுனியை மடித்துக் கீழ் இமையில் மாட்டினாள். பட்டையில் கோடுகளும் எண்களும் அச்சிட்டிருந்தன. ஐந்து நிமிஷத்தில் ஈரம் எத்தனையாவது கோடு வரை இறங்குகிறதோ அதுதான் கணக்கு. பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது என்று சொல்லி டைமரைத் திருகினாள்.

அவர் வழக்கப்படி எண்ணத் தொடங்கினார். கண்ணில் ஈரம் ஊறுகிற மாதிரியே தெரியவில்லை. நாலு நிமிஷம் ஆனதும் பயம் வந்தது.

"எவ்வளவும்மா வந்திருக்கு?"

"பேசாதீங்க. நாலு கோடு."

டைமர் அடித்தது. அவள் கை நீட்டினாள்.

"இன்னும் ஒரு நிமிஷம் விடும்மா. இப்பத்தான் வர ஆரம்பிச்சிருக்கு."

அவள் கை அப்படியே நின்றது. முகத்தில் ஒரு சந்தோஷம் மெதுவாகப் பரவியது. பல வருஷம் காத்திருந்தவர்களுக்கு மட்டும் வரும் சந்தோஷம்.

"அரைமணின்னா அரைமணி. அஞ்சு நிமிஷம்னா அஞ்சு நிமிஷம்," என்று பட்டையை உருவினாள். "என்னைத் தெரியலையாண்ணே? மூணாவது குறுக்குத் தெரு, கடைசி வீடு."

அவருக்குத் தெரிந்தது. முகம் நினைவில்லை, கையெழுத்து தெரியும். கடைசி வீட்டுக்குத் தண்ணீர் எட்டவில்லை, பத்து நிமிஷம் சேர்த்து விடவேண்டும் என்று ஆறு வருஷமாக வாரியத்துக்கு மனு வரும். மனு கைமாறிக் கைமாறி அவரிடமே வரும். வால்வு முழுமையாகத் திறக்கப்படுகிறது, நேரம் சரியாக வழங்கப்படுகிறது என்று எழுதி அவர் திருப்பி அனுப்புவார்.

டாக்டர் நோட்டைப் பார்த்து, நாலு போதாது, குறைந்தது பத்து வேண்டும் என்றார்.

"தாரை தாரையா ஊத்துதும்மா. தெருவே பாத்துச் சிரிக்குது."

காய்ந்த கண்தான் அப்படி ஊற்றும் என்றார் டாக்டர். எப்போதும் ஊறி நிற்கவேண்டிய ஈரம் இல்லை. காற்று பட்டதும் கண் பதறிப்போய் மொத்தமாகக் கொட்டுகிறது. கொட்டுவது வெளியே ஓடிவிடும், கண்ணுக்குப் பயன் இல்லை.

இது அவருக்கு உடனே புரிந்தது. ரோடு நனைந்திருப்பதை வைத்துக் குழாயில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்லமுடியுமா. ஆனால் ஏன் காய்கிறது என்பது புரியவில்லை. டாக்டர் பொறுமையாகச் சொன்னார். விழியில் முடியைவிட மெல்லிய நரம்புகள் ஓடுகின்றன. மேலே காய்கிறது, தண்ணீர் அனுப்பு என்று சுரப்பிக்குச் சொல்வது அவைதான். வெட்டும்போது அவையும் அறுபடும். சேதி போகாது, தண்ணீரும் வராது. ஆபரேஷன் விளக்கின் வெளிச்சமும், பிறகு விடுகிற மருந்தும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் காயவைக்கும்.

"அதாவது, குழாய் போட ரோட்டைத் தோண்டுறப்ப டெலிபோன் வயரை அறுத்துட்டீங்க."

டாக்டர் ஒரு கணம் யோசித்து, கிட்டத்தட்ட அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டார். அகல வெட்டில் அதிகம் அறுபடும், மிஷின் வெட்டில் குறைவு. இரண்டிலும் அநேகமாக மூன்று மாதத்தில் நரம்பு முளைத்துப் பழையபடி வந்துவிடும். அதுவரை ஈரத்துக்கு ஒரு சொட்டு மருந்து விட்டுக்கொள்ளலாம், பரிசோதனை அன்று மட்டும் கூடாது.

"அப்ப இந்தக் கண்ணு ஆறும்போது ஆறட்டும். இடது கண்ணை இப்பவே பண்ணிடலாமே?"

"ஒரு கண்ணே இப்படி இருக்கறப்ப இன்னொண்ணுல கை வைக்க மாட்டேங்க. இடது கண்ணும் காய்ஞ்சுதான் இருக்கு. காய்ஞ்ச கண்ணுல அளவெடுத்தா லென்ஸ் நம்பர் தப்பாயிடும். தப்பு நம்பரை உள்ள வச்சுட்டா வருஷக் கணக்கா அதோடதான் பாக்கணும்."

வாரியத்தின் கெடுவில் மூன்று மாதம் மிச்சம். பன்னிரண்டாவது வாரத்துக்குள் பத்து வந்தால்தான் இடது கண்ணைச் செய்து, அது தெளிந்து, சான்று வாங்க நேரம் சரியாக இருக்கும். தள்ளிப்போனால் முக்காலி.

பத்தாவது வாரம் அவர் ஒரு காரியம் செய்தார். வீட்டில் கேட்டால் இன்றைக்கும் இல்லை என்பார். ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் நின்றுகொண்டு சொட்டு மருந்துப் புட்டியை வலது கண்ணில் கவிழ்த்தார். சட்டைக் காலரைத் துடைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல் வந்து உட்கார்ந்தார்.

பட்டையை மாட்டி அளவுக்காரம்மா டைமரைத் திருகி முடிப்பதற்குள் ஈரம் பத்தைத் தாண்டியது. இருபதைத் தாண்டியது. ஒரு நிமிஷத்தில் பட்டை முழுதும் நனைந்து நுனியில் சொட்டியது. அவள் சொட்டுவதைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"வால்வைத் திறந்து விட்டுட்டு வந்திருக்கீங்க."

அவர் கூரையைப் பார்த்தார்.

"நாங்க மோட்டார் வச்சு உறிஞ்சுறோமான்னு சோதனை போட வீடு வீடா வந்தவராச்சே நீங்க. நீங்களே பண்ணலாமாண்ணே?"

பட்டையைக் குப்பையில் போட்டுவிட்டு நோட்டில் 'செல்லாது' என்று எழுதினாள். இரண்டு வாரம் கழித்து வரச்சொன்னாள். அவர் எழுந்து வாசலுக்குப் போனபோது பின்னாலிருந்து ஒரு வார்த்தை சொன்னாள். "ஆரம்பத்துல வெள்ளம், கடைசியில வறட்சி. உங்க கண்ணும் எங்க தெருவும் ஒண்ணுதான்."

அது அவரைக் குடைந்தது. ஏமாற்றியதற்காகத் திட்டியிருந்தால் மறந்திருப்பார். வேலையில் குறை சொல்லிவிட்டாள். மறுநாள் காலை ஆறு மணிக்கு மூன்றாவது குறுக்குத் தெருவில் மூடியைத் தூக்கிப் புரட்டி வைத்தார்.

அந்த வால்வுக்கு ஒரு கதை உண்டு. அங்கே முன்பு இருந்த வால்வை, இன்னும் ஒரு சுற்று போகும் என்று அழுத்திச் சுற்றி, தண்டை முறித்தது அவர்தான். விளக்கம் கேட்டு வாரியம் கடிதம் கொடுத்தது. புது வால்வு வைத்த ஃபிட்டர், மூடியின் உள்பக்கத்தில் எத்தனை சுற்று என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதிவைத்தார். அதற்கு மேல் அரைச் சுற்றுகூட அவர் சுற்றியதில்லை. பத்துச் சுற்று. ஆறு வருஷமாக மனப்பாடம். மூடியைத் திருப்பிப் பார்க்கவேண்டிய அவசியமே வந்ததில்லை.

இப்போது பார்த்தார். புதுக் கண்ணால் பார்த்தார். ஒன்று, அதற்குப் பக்கத்தில் பூஜ்யம். பூஜ்யத்துக்கு நடுவில் ஒரு இடுப்பு இருந்தது.

உட்கார்ந்து விரலால் தடவினார். பெயிண்ட் தடிமனாக இருந்தது. இடுப்பில் விரல் இறங்கி ஏறியது. எட்டு. பதினெட்டுச் சுற்று. புரை விழத் தொடங்கிய காலத்தில் ஒருமுறை பார்த்து, பார்த்ததை நம்பி, ஆறு வருஷம் பாதித் திறப்பில் தண்ணீர் விட்டிருக்கிறார். நேரம் மட்டும் செகண்டு பிசகாமல் கொடுத்திருக்கிறார்.

சுற்றும் முற்றும் பார்த்தார். யாரும் இல்லை. சாவியை இறக்கினார். பத்து ஆனதும் கை தானாக நின்றது. பதினொன்று. தண்டு முறியவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று. இவ்வளவு நாள் எங்கே போயிருந்தாய் என்பதுபோல வால்வு இளகிக்கொடுத்தது. பதினெட்டில் மெத்தென்று நின்றது. காலுக்குக் கீழே குழாயில் ஒரு முழக்கம் கிளம்பித் தெருக்கோடிவரை ஓடியது. அரைமணி கழித்து மூடிவிட்டு, மூடியைப் பழையபடி கவிழ்த்து, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் நடையைக் கட்டினார். அன்றிலிருந்து தினமும் பதினெட்டு.

பன்னிரண்டாவது வாரம். அதே அறை, அதே புழுக்கம். இன்று பத்து வரவேண்டும். அளவுக்காரம்மா முதலில் அவர் பையைச் சோதித்தாள், பிறகு காலரைத் தொட்டுப் பார்த்தாள். பட்டையை மாட்டி டைமரைத் திருகினாள். இரண்டு நிமிஷம் போனதும், சுவரைப் பார்த்துக்கொண்டு, பேரேட்டைப் படிக்கிற குரலில் பேச ஆரம்பித்தாள்.

"எங்க வீட்டுக் குழாயை நாங்க மூடுறதே இல்லண்ணே. திறந்தே கிடக்கும். காத்து சீறுற சத்தம் கேட்டா ஓடிவந்து குடம் வைக்கலாம்னு. போன வாரத்துக்கு முந்தின வாரம் நான் பால் வாங்கப் போயிருந்தேன். வீட்டுக்காரர் ராத்திரி டூட்டி முடிச்சுக் கூடத்துல படுத்திருந்தாரு. திரும்பி வரேன், தெருவுல ஆள் கூடியிருக்கு. உள்ள வாளி மிதக்குது. அவருக்கு நீச்சல் தெரியாது. மூணு விரக்கடைத் தண்ணியில உக்காந்துட்டு, காப்பாத்துடி காப்பாத்துடின்னு கத்துறாரு."

அவர் பல்லைக் கடித்தார். வயிறு குலுங்கியது. கிடங்கை நினைத்தார், மூட்டைகளை நினைத்தார், மருமகனை நினைத்தார். பலன் இல்லை. வாயைத் திறக்காமல் சிரித்ததில் கண்ணில் பொங்கிக்கொண்டு வந்தது.

அவள் பட்டையை உருவினாள். "இருபத்தாறு. சிரிச்ச கண்ணீர் கணக்குல வராது. கண்ணு அடங்கட்டும். வெளிய உக்காருங்க." ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னாள். "அரைமணி."

எழுந்தவரிடம் அவள் மேலும் சொன்னாள். வீடு துடைக்க இரண்டு நாள் ஆயிற்றாம். ஆனாலும் அன்றிலிருந்து தினமும் தண்ணீர் வருகிறதாம். புதிதாக யாரோ ஒரு புண்ணியவான் வேலைக்கு வந்திருக்கிறான், அவன் நன்றாக இருக்கட்டும் என்று மாமியார் கட்டில்மேல் நின்றபடியே வாழ்த்தினாளாம்.

பெஞ்சில் உட்கார்ந்து எண்ணத் தொடங்கினார். புண்ணியவான் உறுத்தினான். சும்மா இருந்தால் வாழ்த்து அவனுக்கு. சொன்னால் வசவு தனக்கு. எண்ணை எழுதுகிற பேனா அவள் கையில் இருக்கிறது. ஒரு கோடு குறைத்து எழுதினால் கேட்பதற்கு ஆள் இல்லை. பத்தொன்பதாவது நிமிஷமா இருபதாவது நிமிஷமா என்று திடீரென்று தெரியாமல் போயிற்று. முப்பத்துமூன்று வருஷத்தில் முதல் தடவையாக எண்ணிக்கை தவறிவிட்டது.

அவள் கூப்பிட்டாள். உள்ளே போனவர் நாற்காலியில் உட்காராமல் நின்றார்.

"புது ஆள் யாரும் வரலம்மா. அந்த வால்வுக்குப் பதினெட்டுச் சுத்து. நான் பத்துன்னு படிச்சிட்டேன்."

"எப்பலேர்ந்து?"

"ஆறு வருஷமா."

கோபமா என்று அவள் முகத்தைப் பார்த்தார். இந்தப் புதுக் கண்ணாலும் சிலது தெரிவதில்லை. மருந்து விட்டாள், புதுப் பட்டையின் நுனியை மடித்தாள்.

"மேல பாருங்க."

டைமர் ஓடத் தொடங்கியது. அது அவர் முதுகுப்பக்கம் இருந்தது. அவர் எண்ணினார். ஒரு நிமிஷம். இரண்டு. இந்த முறை அவள் கதை சொல்லவில்லை. வெளியே யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மூன்று. இமைக்குள் ஏதோ ஊறுகிற மாதிரி இருந்தது. மரத்துப்போன இடத்தில் ஊறுவது தெரியுமா, இல்லை ஆசையா என்று புரியவில்லை. நாலு. அவள் டார்ச்சை எடுத்துப் பட்டையின் அருகே குனிந்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

நாலு நிமிஷம் ஐம்பது செகண்டில் அவள் விரல்கள் பட்டையைத் தொட்டன.

அவர் உதட்டை அசைக்காமல் பேசினார். "இன்னும் பத்து செகண்டு இருக்கும்மா."

"டைமர் உங்களுக்குத் தெரியாதே."

"எண்ணிட்டிருக்கேன்."

விரல்கள் பட்டைமேல் அப்படியே இருந்தன. இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. அவர் எட்டு, ஏழு என்று இறங்கி எண்ணினார். ஒன்று என்றபோது முதுகுக்குப் பின்னால் டைமர் அடித்தது.

அவள் பட்டையை உருவி நோட்டின் மேல் வைத்தாள். குறித்துக்கொள்ளவில்லை. ஜன்னலைத் திறந்து வெளிச்சம் விட்டு, நோட்டை அவர் பக்கம் திருப்பினாள்.

"நீங்களே படிங்க."

அவர் இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். ஈரம் ஒரு கோட்டை எட்டி, அதற்கு மேல் மயிரிழை போகாமல் நின்றிருந்தது. கோட்டுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஓர் எண்.

"பத்து," என்றார்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கண்ணே. பத்தா, பதினெட்டா?"

அவர் மறுபடி குனிந்தார். மூக்கு நோட்டில் இடித்தது. வெகுநேரம் பார்த்தார்.

"பத்துதாம்மா. இடுப்பு இல்ல."

அவள் பேனாவைத் திறந்தாள்.